ஜனவரி மாதத்தின் சிறந்த பயிற்சியாளர்

பிப்ரவரி 3, திங்கள்

விடிந்ததிலிருந்து வாடைக்காற்று. மைதானத்து மூலைக்கொடி இரண்டு முறை பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. வாயெல்லாம் உப்பு.

செய்ய வேண்டியவை:
– வலப்பக்க கோல் வலையில் ஓட்டை. தைக்க ஆள்.
– பயிற்சிக் கூம்பு ஒரு டஜன். பழையது வெயிலில் வெடித்துப்போனது.
– கனகாவின் பிறப்புச் சான்றிதழ் நகல் லீக்குக்கு.
– வீட்டுக்கு கேஸ் பதிவு. (மூன்றாவது நாளாக எழுதுகிறேன்.)

பதினொன்றரைக்கு கிளப் மேனேஜர் துரைராஜ் அண்ணாச்சி போன் செய்தார்.

"மேடம், நிக்கியளா, உக்காந்திருக்கியளா?"

"நிக்கேன் அண்ணாச்சி."

"அப்ப உக்காருங்க. ஜனவரி மாசத்துக்கு பெஸ்ட் கோச் நீங்கதான். லீக்லருந்து மெயில் வந்திருக்கு."

உட்காரவில்லை. பம்பு செட் பக்கம் போய் முகம் கழுவினேன். பெண்கள் கால்பந்து லீக்கில் ஆறு அணி. ஐந்துக்கு ஆண்கள் பயிற்சியாளர்கள், ஒன்றுக்கு நான். மாதாமாதம் கொடுக்கும் இந்த விருதை இதுவரை பெண் யாரும் வாங்கியதில்லை என்று மெயிலிலேயே போட்டிருக்கிறதாம். ஜனவரியில் நாலு ஆட்டம். மூன்று வெற்றி, ஒன்று சமன்.

பிள்ளைகள் பிடித்து நிறுத்தி வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். ஒரே சத்தம். எங்கள் கோல்கீப்பர் செலஸ்டின் மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. தொப்பியைக் கண்வரை இறக்கியிருந்தாள். கைதட்டினாள். மெதுவாக, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் யோசிப்பவள்போல.

அத்தான் துறைமுக ஆபீஸ் முடிந்து வரும்போது மக்ரூன் பொட்டலம் வாங்கிவந்தார். "சந்தோஷந்தானளா?" என்றார். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பனி. ஏழு மணிவரை அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி கண்ணில் படவில்லை.

லீக்கிலிருந்து ஒரு படிவம். விருதோடு போடுவதற்காம். முன்மாதிரி யார்? (அப்பா என்று எழுதினேன். நாசரேத்தில் கணக்கு வாத்தியார். பந்தைத் தொட்டதே இல்லை.) பிடித்த சாப்பாடு? இது எதற்கு என்று தெரியவில்லை. கடைசிக் கேள்வி: 'ஜனவரியில் நீங்கள் எடுத்த முக்கியமான முடிவு எது? மூன்று வரிகளில்.'

அதில் நின்றுவிட்டேன். நடந்ததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஜனவரி 22. வெளியூர் ஆட்டம். கார்னர் பந்துக்கு எழும்பினாள் செலஸ்டின். எதிரணிப் பெண்ணின் முழங்கால் அவள் காதுக்கு மேலே இடித்தது. விழுந்தாள், எழுந்தாள், மீதி ஆட்டத்தை ஆடி முடித்தாள். திரும்பும் வழியில் வேனில் இரண்டு முறை வாந்தி. வளைவுப் பாதை, அதனால்தான் என்றார்கள். நானும் அப்படியே சொன்னேன். பிசியோ ரிஸ்வானா மட்டும் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது கன்கஷன் மேம். தலைக்குள்ள அதிர்ச்சி. பத்து நாளாவது பந்தத் தொடக் கூடாது" என்றாள்.

ஜனவரி 26. சொந்த மைதானம். அடி பட்டு நாலே நாள். ஜெயித்தால் இரண்டாம் இடம். ரிசர்வ் கீப்பர் கனகாவுக்கு விரலில் வீக்கம். வேறு வழியில்லை. செலஸ்டினைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்: "நிக்கிறியா?" "நிக்கேன்க்கா" என்றாள். ஆட்டத்துக்கு முன் லீக்குக்குக் கொடுக்கும் தாளில் 'தலையில் அடிபட்டவர் உண்டா?' என்று ஒரு கட்டம். 'இல்லை' என்று குறித்து நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

எண்பத்தோராவது நிமிடம் எதிரணிக்குப் பெனால்டி. சரியான பக்கம் பாய்ந்தாள். பந்து முகத்தில் பட்டுத் தெறித்து வெளியே போனது. கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழுந்தாள். ஒன்றுக்குச் சைபர் என்று ஜெயித்தோம். முகத்தால் பெனால்டி தடுத்த வீடியோவை ஊரே பார்த்தது.

கேட்டேன். நிற்கிறேன் என்றாள். இதைத்தான் பத்து நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

படிவத்தில் எழுதி அனுப்பியது: 'நெருக்கடியில் அனுபவமுள்ள கோல்கீப்பர்மீது நம்பிக்கை வைத்தது.' ஒரு வரி. மூன்று வரிக்கு இடம் இருந்தது.

பிப்ரவரி 5, புதன்

நல்ல வெயில். மைதானத்தை அடுத்த உப்பளத்தில் இந்த வருஷத்து முதல் குவியல்கள் ஏறிவிட்டன.

செலஸ்டின் நெஞ்சுக்கு நேரே வந்த பந்தை விட்டாள். அடுத்ததையும். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டு சாமான் அறைக்குப் பின்னால் நிழலில் போய் உட்கார்ந்தாள். போனேன்.

"உப்பு வெள்ளை கண்ணக் குத்துதுக்கா."

ஐந்து வருஷமாக இந்த மைதானத்தில் நிற்கிறாள். உப்பு புதிதா அவளுக்கு? திரேஸ்புரத்தில் பிறந்தவள், கடல் வெயிலிலேயே வளர்ந்தவள்.

"சனிக்கிழமை ஆட்டத்துக்கு ரெஸ்ட் எடு" என்றேன்.

"எதுக்கு? எனக்கு ஒண்ணுமில்ல. மார்ச்ல இந்தியா கேம்ப் இருக்கு. முப்பது பேர்ல என் பேரு இருக்குக்கா."

"காய்ச்சல்னு சொல்லிக்கிடுவோம்."

தலையாட்டினாள். அதையும் மெதுவாக.

ரிஸ்வானா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "மேம், நேத்து அவளுக்கு என் பேரு வரல. 'ஏ பிசியோ, ஏ பிசியோ'ன்னு கூப்பிடுதா. வெளயாடுதான்னு நெனச்சேன். அவ வெளயாடல." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கனகாவின் விரல் வீக்கம் 24-ஆம் தேதியே வடிந்துவிட்டது. 25-ஆம் தேதி அவள் முழுப் பயிற்சி எடுத்தாள். நானே நின்று பார்த்தேன். பத்தொன்பது வயது, உடன்குடியிலிருந்து வந்து ஆறு மாதம், ஒரு முழு ஆட்டம்கூட ஆடாதவள். அவளை இறக்கப் பயந்தேன். தோற்கப் பயந்தேன். அதுதான் விஷயம். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. அதிலும் பொய் எழுதி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கேஸ் வந்துவிட்டது.

நாசரேத்திலிருந்து அக்கா போன். ஞாயிறு ஆராதனையில் போதகர் என் பெயரைச் சொல்லி ஜெபிப்பாராம். "பேப்பர்ல போட்டோ வருமா? வந்தா ரெண்டு காப்பி எடுத்து வை. ஒண்ணு சாத்தான்குளம் சித்திக்கு."

டீக்கடையில் என்னைக் கவனிக்காமல் இரண்டு பேர்.

"பொம்பளப் பிள்ளைய ஆட்டத்துக்கு பொம்பள கோச்சு. பரிசு வேற குடுக்கானுவ."

"ஏலே, மத்த அஞ்சு பேரும் ஆம்பளதான். அவனுவளத் தாண்டித்தான வாங்கியிருக்கா."

இரண்டாவது ஆளுக்கு நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. பிறகு அதுவும் கசந்தது.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் விருது கொடுக்கிறார்கள். சேலையா, டிராக் சூட்டா? அண்ணாச்சி சேலை என்கிறார். டிராக் சூட்தான்.

பிப்ரவரி 8, சனி

விருது வாங்கிவிட்டேன்.

மூன்று மணிக்கே கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பஸ்ஸில். லீக்கிலிருந்து ஒருவர், கோட்டும் வியர்வையுமாக. கண்ணாடிக் கேடயம். என் பெயரில் 'ஹெப்சிபா' என்பதை ஓர் எழுத்து விட்டுப் பொறித்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி கடைசி நிமிடத்தில் ஒரு ஏற்பாடு செய்துவிட்டார். "செலஸ்டின் கையால குடுக்கட்டும் மேடம். அந்தப் பெனால்டிதான இதுக்கே காரணம். போட்டோ நல்லா வரும்." வேண்டாம், அவளுக்குக் காய்ச்சல் என்றேன். "ஒரு நிமிஷந்தான" என்றார். அதற்குள் மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வந்தாள். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்றோம். ஒவ்வொரு பெயர் அறிவிப்புக்கும் அவள் தோள் குலுங்கியது. கேடயத்தை என்னிடம் நீட்டும்போது சரியவிட்டாள். நானும் சேர்த்துப் பிடித்தேன். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்:

"இது எதுக்குக்கா குடுக்காவ?"

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன். "ஜனவரிக்கு" என்றேன். "ஓ" என்றாள்.

ஆட்டம்: 2–0, வெற்றி. கோலில் கனகா. நாலு நல்ல பந்து தடுத்தாள். ஒன்றை விரல் நுனியால். ஆட்டம் முடிந்ததும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நன்றாகவே நின்றாள். ஜனவரி 26-லும் நன்றாகவே நின்றிருப்பாள். நிற்காமல் போயிருந்தாலும்தான் என்ன. ஓர் ஆட்டம்.

கேடயம் இப்போது டிவி மேல். அத்தான் துடைத்து வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். வலி இல்லை. அந்த வார்த்தையைச் சொன்னதற்கே வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்கு ஸ்கூட்டரில் திரேஸ்புரம். ஞாயிறு, கடலுக்குப் போகாத நாள், வள்ளங்களெல்லாம் கரையில். செலஸ்டினின் அம்மா செபஸ்தியம்மாள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர்." பயிற்சி கொடுக்கிறவர்கள் எல்லோரும் அவருக்கு டீச்சர்தான். "பேப்பர்ல பாத்தோம். எங்க பிள்ளையும் பக்கத்துல நிக்கா. எங்க வீட்டு ஆளு நாலு பேருகிட்ட காட்டிட்டாரு."

"அவ எப்படி இருக்கா?"

"படுத்தே கெடக்கா. சத்தம் ஆவலங்கா. நேத்து மிக்சி போட்டதுக்கு அழுதுட்டா. இவ அழுது நான் பாத்ததே கெடயாது." கையைக் கழுவிக்கொண்டு, "கேம்ப்பு வருதுல்லா, அந்தப் பயமா இருக்கும்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

உள்ளறை. ஜன்னலில் போர்வை தொங்கியது. செலஸ்டின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், கையில் போன். அந்தப் பெனால்டி வீடியோ. சத்தத்தை அடைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள்.

"நல்லாத்தான் பாஞ்சிருக்கேன், என்னக்கா?"

"ஆமா."

"எனக்கு இது ஞாபகம் இல்ல."

எது என்று கேட்டேன்.

"இந்த ஆட்டம். அன்னைக்குக் காலைல பூசைக்குப் போனது தெரியும். பொறவு திங்கக்கெழம அம்மா தலைக்கு ஊத்திவிட்டது தெரியும். நடுவுல ஒண்ணுமில்ல. இதுல நிக்கது நான்தான்னு சட்டையப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுதேன்."

"ஆட்டத்துக்கு முன்னால நான் ஒன்னக் கூப்பிட்டுக் கேட்டனே செலஸ்டின். நிக்கிறியான்னு."

முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"கேட்டீங்களா?"

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்க முடியவில்லை. சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்பதே மறந்துபோனது. செபஸ்தியம்மாள் ஒரு பையில் நெத்திலி கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். அதை எப்படிச் சமைக்க.

பிப்ரவரி 10, திங்கள்

மப்பு. மழை இல்லை.

காலையிலேயே துரைராஜ் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்: வாந்தி, ரிஸ்வானா சொன்னது, நான் போட்ட 'இல்லை', மறதி. லீக்குக்கு எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மொதல்ல அந்தப் பிள்ளைக்கு வைத்தியம். பாளையங்கோட்டையில நல்ல டாக்டர்ட்ட காட்டுவோம், கிளப் பாத்துக்கிடும். அதுல ஒரு கொறையும் இருக்காது. ஆனா லீக்குக்கு எதுக்கு மேடம்?"

"நான் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கேன் அண்ணாச்சி."

"சரி. நீங்க எழுதுதிய. ஒங்களுக்கு மனசு லேசாவும். அவளுக்கு? தலைல அடிபட்ட கீப்பர்னு ஒரு தடவ எழுத்துல வந்துட்டா எந்த கிளப் எடுக்கும்? கேம்ப்ல சேப்பாங்களா? ரெண்டு மாசம் அவள சும்மா வைப்போம். சரியானதும் ஆடட்டும். யாருக்கு நட்டம்?"

கெட்ட மனிதர் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளுக்கும் கேக் வாங்குகிறவர். அவர் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் பிடிபடவில்லை.

ஆனால் இரண்டு மாதம் அவள் சும்மா இருக்க மாட்டாள். மார்ச்சில் கேம்ப்புக்குப் போவாள். அங்கே யாராவது, 'தலையில் அடி உண்டா?' என்று கேட்டால் 'இல்லை' என்பாள். என்னிடம் கற்றுக்கொண்டதுதானே.

அத்தானிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துவிட்டார். பிறகு, "நீ அனுப்பத்தான் போற. அது தெரியுது. அந்த பிசியோ பிள்ள பேர மட்டும் இழுக்காத. அது வேலையும் போயிரும்" என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ரிஸ்வானாவிடம் அதைச் சொன்னேன், உன் பெயர் வராது என்று. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சுருட்டிக்கொண்டிருந்த பேண்டேஜைக் கீழே வைத்தாள்.

"என் பேர விட்டுட்டா நான் அவளப் பாக்கவே இல்லன்னு ஆயிரும் மேம். நான் பாத்தேன். பத்து நாள்னு என் நோட்ல தேதி போட்டு எழுதியிருக்கேன். நீங்க இறக்கும்போது வாய மூடிட்டு நின்னதும் நான்தான். ரெண்டையும் எழுதுங்க."

அவள் நோட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கொடுத்தாள். நீல மையில், குண்டு குண்டாக. கீழே கோடு போட்டிருக்கிறாள்.

11.20-க்கு மெயில் அனுப்பினேன். பதினாறு வரி. அனுப்பியதும் பசித்தது. பரோட்டா சாப்பிட்டேன், நாலு. இப்படியும் இருக்குமா ஒருத்தி.

பிப்ரவரி 12, புதன்

பதில் இல்லை.

பயிற்சி வழக்கம்போல. வலை தைக்க ஆள் வந்தார். கனகாவுக்கு உயரப் பந்து இன்னும் பயம்.

போனை நூறு தடவை பார்த்திருப்பேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

வந்துவிட்டது. ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். சாரம்:

1. விசாரணை முடியும்வரை நான் மைதானத்துக்குள் போகக் கூடாது.
2. ஜனவரி விருது திரும்பப் பெறப்படும். ஓட்டில் இரண்டாவதாக வந்தவருக்குப் போகும்.
3. ரிஸ்வானா விளக்கம் தர வேண்டும்.
4. நரம்பு மருத்துவர் சான்று தரும்வரை செலஸ்டின் எங்கும் ஆடக் கூடாது. தேசிய கேம்ப் குழுவுக்கும் தகவல் போயிருக்கிறது.

நாலாவதை மட்டும் பல தடவை படித்தேன்.

பிற்பகலுக்குள் செய்தி வெளியே வந்துவிட்டது. ஒருவர் எழுதியிருக்கிறார்: 'இதுக்குத்தான் பொம்பளைங்க கையில டீமைக் கொடுக்கக் கூடாது.' நாற்பது பேருக்கு அது பிடித்திருக்கிறது. இன்னொரு பெண்ணுக்கு இந்த வேலை கிடைப்பதை நான் எத்தனை வருஷம் தள்ளிவைத்தேனோ.

அக்கா போன் செய்யவில்லை.

அண்ணாச்சி ஆள் அனுப்பிக் கேடயத்தை வாங்கிக்கொண்டார். அத்தான் பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காற்றே இல்லை. புழுக்கம்.

மதியம் இரண்டு மணிக்கு வாசலில் ஆட்டோ. செலஸ்டினும் அவள் அம்மாவும். கறுப்புக் கண்ணாடி, தலையில் முக்காடு. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"கேம்ப் லிஸ்ட்லருந்து எடுத்துட்டாங்க" என்றாள்.

தெரியும் என்றேன்.

"பதினோரு வயசுலருந்து பந்து பிடிக்கேன்க்கா. ஒரு தடவ அந்த லிஸ்ட்ல பேரு வந்துச்சு. ஒரே தடவ."

"ஒனக்கு ஒண்ணு ஆயிறக் கூடாதுன்னுதான் செலஸ்டின்..."

"ஆவட்டும் ஆவாம இருக்கட்டும். அன்னைக்கு என்ட்ட கேட்டேன்னு சொல்லுதீங்க. எனக்கு ஞாபகம் இல்ல. சரி. கேட்டிருப்பீங்க." நெற்றியை அழுத்திக்கொண்டாள். வார்த்தை தேடினாள். அவள் அம்மா தோளைத் தொட்டார், தட்டிவிட்டாள். "லெட்டர் எழுதும்போது கேக்கலயே. இந்தத் தடவ கேட்டிருந்தா ஞாபகம் இருந்திருக்கும்லா."

கேட்டைத் திறக்கப் போனேன். அவள் விடவில்லை.

"என் தலைதானக்கா. ரெண்டு தடவையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

செபஸ்தியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா என்ன என்று தெரியவில்லை. ஆட்டோக்காரர், "போவோமாக்கா, வெயிலு" என்றார். போய்விட்டார்கள். டீச்சர் என்று ஒரு தடவைகூட அவர் கூப்பிடவில்லை.

அவள் வீட்டுக்கு நான் 9-ஆம் தேதி போனேன். மெயில் அனுப்பியது 11. நடுவில் இரண்டு நாள். என் வீடு இருக்கும் மில்லர்புரத்திலிருந்து திரேஸ்புரம் இருபது நிமிடம். அண்ணாச்சியிடம் போனேன், அத்தானிடம் சொன்னேன், ரிஸ்வானாவிடம் பேசினேன். அவளிடம் போகவில்லை. வேண்டாம் என்பாள் என்று பயந்தேன். சொல்லியிருந்தாலும் அனுப்பித்தான் இருப்பேன். ஆனால் கேட்டிருக்க வேண்டும். முகத்துக்கு நேரே கேட்டு, அவள் கத்துவதைக் கேட்டு, அதற்குப் பிறகு அனுப்பியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வீட்டில் சும்மா இருக்கிறேன். அலமாரி முழுக்க அடுக்கினேன். பழைய விசில் ஆறு. எதற்கு ஆறு.

ரிஸ்வானாவை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். வேலை இருக்கிறது. நல்லது.

மாலையில் செபஸ்தியம்மாள் போன். எடுக்கப் பயமாக இருந்தது.

"வெள்ளிக்கெழம பாளையங்கோட்டைக்குப் போறோம். டாக்டரு மொதல்ல போன்லயே கேட்டாரு, அடி பட்டது எப்ப, எப்படி, என்ன பேசினான்னு. எனக்கு என்ன தெரியும், நான் அன்னைக்கு ஆட்டத்துக்கே வரல. அவளுக்கும் தெரியாது. நீங்க வரணும்."

"செலஸ்டினுக்குச் சம்மதமா?"

"அவளுக்காகத்தான் கூப்பிடுதேன்."

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் நல்ல பனி, வாகைக்குளம் தாண்டியதும் வெயில். அண்ணாச்சி கார் அனுப்பியிருந்தார். கிளப் ஸ்டிக்கர் ஒட்டாத கார். செலஸ்டின் முன்சீட்டில், கண்மேல் ஈரத்துண்டு. பின்னால் நானும் அவள் அம்மாவும். டிரைவர் ரேடியோவைத் தொடப் போனார்; அம்மா "வேண்டாம்" என்றார். ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவுதான் பேச்சு.

டாக்டர் என்னைவிட இளையவர். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார். இந்த மாதிரி அடி ஸ்கேனில் தெரியாது, நடந்ததை ஒழுங்காகச் சொல்கிற ஆள்தான் வேண்டும் என்றார். கேள்வி கேட்கக் கேட்க அம்மாவும் மகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விழுந்து எத்தனை நொடி கிடந்தாள்? முதல் தடவை பத்து இருக்கும். கண் திறந்திருந்ததா? திறந்திருந்தது. வாந்தி? இரண்டு முறை. யாராவது ஆடக் கூடாது என்று சொன்னார்களா? சொன்னார்கள். பத்து நாள் என்று. எத்தனையாவது நாள் ஆடினாள்? நாலாவது நாள்.

"மறுபடி இறக்கினது யாரு?"

"நான்தான் டாக்டர்."

எழுதிக்கொண்டார். "ரெண்டாவது அடி, முகத்துல. அதுக்கப்புறம் ஏதாவது வித்தியாசமாப் பேசினாங்களா?"

இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. லீக்குக்கு எழுதிய பதினாறு வரியிலும் இல்லை. இந்த நோட்டிலும் இல்லை.

பெனால்டியைத் தடுத்து இரண்டு நிமிடம் கழித்து, பந்து வெளியே போயிருந்த நேரம், செலஸ்டின் கோலை விட்டு நடந்து கோட்டோரம் என்னிடம் வந்தாள். "ஆட்டம் முடிஞ்சிட்டாக்கா?" என்று கேட்டாள். எதிரே எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். "இன்னும் பத்து நிமிஷம். போ" என்றேன். முதுகில் கைவைத்துத் தள்ளியும் விட்டேன். போய் நின்றாள்.

சொன்னேன். செலஸ்டின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். அந்த வெளிச்சத்தில் கண் கூசியிருக்கும். ஆனாலும் பார்த்தாள்.

"பத்து நிமிஷம் நின்னேனா?" என்றாள்.

"நின்ன. ரெண்டு பந்து தடுத்த."

மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் சொன்னது: ஆறு வாரம் முழு ஓய்வு. போன் வேண்டாம், வெயில் வேண்டாம். பிறகு நடை, பிறகு மெல்ல ஓட்டம். பந்தைப் பற்றி மூன்று மாதம் கழித்துத்தான் பேச்சு. திரும்ப ஆட வாய்ப்பு இருக்கிறது. இதற்குள் மூன்றாவது அடி பட்டிருந்தால் இந்தப் பேச்சே இருந்திருக்காது. அந்த ஒரு நாள் ஞாபகம் வருமா என்று அவள் கேட்டாள். பெரும்பாலும் வராது என்றார்.

திரும்பும்போது செலஸ்டின் தூங்கிவிட்டாள். வல்லநாட்டு மலை கடந்ததும் செபஸ்தியம்மாள் வாய் திறந்தார். என் பக்கம் திரும்பவில்லை, வெளியே பார்த்துக்கொண்டுதான்.

"தள்ளியும் விட்டீங்களா டீச்சர்?"

"ஆமா."

ரோட்டோரப் பனைகள் போய்க்கொண்டே இருந்தன. பாலம் வந்தது.

"அடுத்த மாசம் இருவத்தொண்ணாந் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்காவ. நீங்களும் வரணும்."

"வாரேன்."

"வரணும். அன்னைக்கு நடந்தது எங்க ரெண்டு பேருக்குமே தெரியாதுல்லா."